மொட்டை மாடி இல்லாத வீட்டில் எலுமிச்சை ஊறுகாய்

ஊர்ப் பக்குவத்தில் ஊறுகாய்க்குப் பாதி வேலையைச் செய்வது வெயில். சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அதை நம்ப முடியாது. காலையில் காய்ந்தால் பிற்பகலில் மழை. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் பல நாள் 90 விழுக்காட்டைத் தாண்டும். இங்கே ஊறுகாயைக் காப்பாற்ற வேண்டியவை உப்பும் புளிப்பும்தான்.

முதன்முறை போடுபவர்களுக்கு எலுமிச்சையைத்தான் சொல்வேன். அதன் புளிப்பே பாதிக் காவல். தேக்கா சந்தையில் மஞ்சள் திரும்பிய, தோல் மெல்லிய பழமாக 1 கிலோ பார்த்து வாங்குங்கள். தடித்த தோல் கடைசிவரை கசக்கும். கழுவித் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் 2 மணி நேரம் பரப்பி வையுங்கள். கத்தியிலும் பலகையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. பழத்தை எட்டாக நறுக்கி, விதையை எடுத்துவிட்டு, 180 கிராம் கல் உப்பும் 2 தேக்கரண்டி மஞ்சள்தூளும் சேர்த்துப் பிசறுங்கள்.

உப்பைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு கப் தூள் உப்பு ஒரு கப் கல் உப்பைவிடக் கனம், கப்பால் அளந்தால் கணக்கு தப்பிவிடும். ரத்த அழுத்தத்துக்குப் பயந்து உப்பைக் குறைத்தால் அது வெளியில் வைக்கும் ஊறுகாய் இல்லை, ஃபிரிட்ஜ் ஊறுகாய். உப்பைக் குறைப்பதைவிட, தட்டில் ஊறுகாயைக் குறைத்துக்கொள்ளலாம்.

15 நாள் ஊறட்டும். தினமும் காய்ந்த கரண்டியால் அடிமேலாகக் கிளறுங்கள். சாற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். மூன்றாம் நாளும் துண்டுகள் மூழ்கவில்லையென்றால் இன்னும் 2, 3 பழம் பிழிந்து ஊற்றுங்கள்.

தோல் மெத்தென்று ஆனதும் 200 மில்லி நல்லெண்ணெயைக் காய்ச்சி, கடுகு பொரியவிட்டு, அடுப்பை அணைத்து முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு மிளகாய்த்தூளைப் போட்டால் கருகும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் படிந்து, தண்ணீராக ஊறுகாயிலேயே சொட்டும். ஆறிய எண்ணெயில் 80 கிராம் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் 1 தேக்கரண்டி, பெருங்காயம் அரைத் தேக்கரண்டி கலந்து, ஊறிய எலுமிச்சையோடு சேர்த்துவிடுங்கள்.

கண்ணாடிப் பாட்டிலை 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஓவனில் 110 டிகிரியில் ஈரம் போக உலர்த்துங்கள். துணியில் கவிழ்த்துவைத்தால் உள்ளே ஆவி தங்கிவிடும். ஓவனிலிருந்து எடுத்ததை மரப்பலகைமேல் வையுங்கள். குளிர்ந்த கல்மேடையில் வைத்தால் விரிசல் விடும். மூடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், தகர மூடியை உப்பும் புளிப்பும் அரித்துவிடும்.

இந்த ஊரில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை மேசையில் திறந்துவைத்தால், காற்றிலுள்ள ஈரம் உள்பக்கச் சுவரில் முத்து முத்தாகப் படியும். நாள்தோறும் இப்படி நனைந்தால் மேல்பரப்பில் உப்பு நீர்த்து, பூஞ்சை வரும். பெரிய ஜாடிக்குப் பதிலாக 200 மில்லி பாட்டில்களில் பிரித்துவைத்து, வேண்டியதை எடுத்ததும் மூடிவிடுங்கள். பஞ்சுபோலப் பூஞ்சை கண்டால் மேலே மட்டும் வழித்தெடுத்துப் பயனில்லை. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும். பாட்டிலோடு கொட்டுங்கள்.

இதே துணிச்சலில் பூண்டை வெறும் எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைத்துவிடாதீர்கள். புளிப்பில்லாத பூண்டை எண்ணெய் காற்றுப்படாமல் மூடிவிடுவதால், பொட்டுலிசம் என்ற உணவு நச்சு நோயைத் தரும் கிருமி வளர அது தோதான இடம். நஞ்சு சேர்ந்திருந்தாலும் மணமோ நிறமோ மாறாமல் போகலாம். ஃபிரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். நெத்திலிச் சம்பாலை (நெத்திலி மீன் சேர்த்த மிளகாய் விழுதை) பாட்டிலில் அடைத்து வெந்நீரில் கொதிக்கவைப்பதும் வேண்டாம். அந்தக் கிருமியின் விதைகள் 100 டிகிரியில் சாவதில்லை, அவற்றைக் கொல்ல அழுத்தத்தில் 121 டிகிரிவரை சூடு ஏற வேண்டும். சம்பாலை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள்.