வலது மேல் மூலை

மார்ச் 3
பார்சல் வந்துவிட்டது. பிரிக்கவில்லை. கண்ணில் மருந்து விட்டு அனுப்பியிருக்கிறார்கள், எல்லாம் புகைமூட்டம். இந்தக் கண்ணோடு முதல் முறை பார்க்க மாட்டேன்.

மார்ச் 4
பிரித்தாயிற்று. பழைய அச்சுப்படம்: வேல்ஸில் உள்ள திண்டர்ன் மடாலயம், வரைந்தவர்கள் பக் சகோதரர்கள், 1732. எட்டாம் ஹென்றி காலத்தில் 1536இல் கலைக்கப்பட்ட மடம். இருநூறு வருஷம் கழித்து அண்ணனும் தம்பியுமாக வந்து வை நதிக்கரையில் இடிந்து நின்றதை வரைந்து, அச்சடிக்கச் செம்புத் தகட்டில் செதுக்கியிருக்கிறார்கள். இப்படி நானூறுக்கும் மேற்பட்ட கோட்டைகள், மடங்கள். படத்திலேயே நிலத்துக்காரருக்கு எழுத்தில் ஒரு கும்பிடு போடுவதும் அவர்கள் வழக்கம். செலவுக்கு ஆள் வேண்டுமே.

மார்ச் 5
மேல் ஓரத்தை யாரோ ஒட்ட நறுக்கியிருக்கிறார்கள்.

மார்ச் 6
தூக்கம் இல்லை. இந்தத் தகடுகள் பின்னால் ராபர்ட் சேயர் என்ற லண்டன் பதிப்பாளர் கைக்குப் போய், 1774இல் மறுபடி அச்சாயின. அந்தப் பதிப்பில் வலது மேல் மூலையில் ஒரு எண் இருக்கும். முதல் அச்சில் இருக்காது. என்னிடம் இருப்பதில் அந்த மூலையே இல்லை.

கீழே 1732 என்று இருக்கிறதே என்றால், அது தகட்டில் செதுக்கியது. எப்போது அச்சடித்தாலும் அதுதான் விழும். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தேன், கம்பிக் கோடுகள் தெரிகின்றன. இரண்டு காலத்திலும் அப்படித்தான் காகிதம் செய்தார்கள், உதவாது. மிச்சம் இருப்பது மை மட்டும். செம்பு மெத்தென்ற உலோகம்; உருளையில் ஒவ்வொரு முறை நசுங்கும்போதும் கோடு கொஞ்சம் ஆழம் இழக்கும். முதலில் எடுத்ததில் வளைவுகளுக்குள் இருட்டு கன்னங்கரேலென்று இருக்கும், போகப்போகச் சாம்பல். சரி, கருப்பா சாம்பலா என்று பார்த்தால் முடிந்தது.

மார்ச் 7
முடியவில்லை. வலது கண்ணை மூடினால் இருட்டெல்லாம் பழுப்பு. இடதை மூடினால் கருப்பு. புரை எடுத்துப் புது லென்ஸ் வைத்த வலது கண்ணை நம்பலாம்தான். ஆனால் அதற்கு இப்போது சுவர், தட்டு, என் சட்டை எல்லாமே பளிச். 1732 ஒரு கண்ணில், 1774 இன்னொன்றில்.

மார்ச் 8
இடது கண் அறுவைக்கு நாள் தள்ளிப்போகிறது. சர்க்கரை குறைய வேண்டுமாம்.

மார்ச் 9
மகள் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். "கருப்புதான்பா." செல்போன் எதைத்தான் கருப்பாக்காது? சத்தம் போட்டுவிட்டேன். பாவம், லீவு போட்டு வந்திருக்கிறாள்.

மார்ச் 11
சர்க்கரை இறங்கிவிட்டது. பழைய அட்டையைப் பின்னாலிருந்து பிரித்தேன். அட்டையின் அமிலம் ஏறி ஓரமெல்லாம் டீக்கறை நிறம். வாங்கும்போது பின்பக்கத்தைக் கேட்காமல் விட்டது என் தப்பு. மூலையையும்தான்.

மார்ச் 12
நாளைக்கு அறுவை.

விளக்கை அணைத்து, டார்ச்சைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்தேன். வெட்டிய விளிம்பை ஒட்டி மயிரிழை அளவுக்கு ஒரு வளைவு. மையா, அழுக்கா? மை என்றால் 3இன் வால், அல்லது 5இன் வால். நகத்தால் சுரண்டப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன். வலது கண்ணில் இருக்கிறது. இடது கண்ணில் இல்லவே இல்லை. அதற்குள் டார்ச் மங்கிவிட்டது.

மார்ச் 13
ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். படம் மேசைமேல், மெல்லிய தாள் போட்டு மூடியிருக்கிறது. யாரும் நகர்த்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டார்ச்சுக்கு பேட்டரி வாங்கிவைக்கச் சொல்ல மறந்து