பிஎம் கிசான் பட்டியலைக் கேட்டு வாங்கிய அனுபவம்

பிஎம் கிசான், நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தவணையாகத் தரும் உதவித்தொகை. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில் அதில் வந்த 2,000 ரூபாய் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிய ஆட்களுக்குக் கூலி கொடுக்க உதவியது. ஆகஸ்ட் தவணையும் வந்தது. டிசம்பர் தவணை வரவில்லை.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் காரணம் தெரியும். இணையத்தில் நேரடியாகப் பதிவு செய்யும் வசதியையும் அதிகாரிகளின் கடவுச்சொல்லையும் வைத்து, ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்களைத் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். 13 மாவட்டங்களில் ஐந்தரை லட்சம் பேர், 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. சிபிசிஐடி விசாரணை வந்தது, சரிபார்ப்பு தொடங்கியது. கையில் பட்டா வைத்திருக்கும் என் பெயரும் அதில் நின்றுபோனது.

வேளாண் அலுவலகத்தில் கேட்டால் "விஏஓகிட்ட போங்க" என்றார்கள். விஏஓ சிட்டாவைப் பார்த்துவிட்டு, "நிலம் உங்க பேர்லதான் இருக்கு, அங்கேயே கேளுங்க" என்றார். திரும்பப் போய், "என்ன காரணம்னு போட்டிருக்கு, காட்டுங்க சார்" என்றேன். அந்த எழுத்தர் கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். என் பெயர், என் நிலம், என் வங்கிக் கணக்கு. அதை நான் பார்க்கக் கூடாதாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் முத்திரை வாங்காமல் வராதீர்கள். "ஏன் நிறுத்தினீர்கள்" என்று எழுதாதீர்கள், விளக்கம் தர வேண்டியதில்லை என்று தள்ளிவிடுவார்கள். "நிறுத்தப்பட்டதற்கான ஆவண நகல்", "எங்கள் ஊர்ப் பயனாளிகள் பட்டியல் நகல்" என்றே கேளுங்கள்.

முதல் பதில், 'மூன்றாம் நபர் தகவல், தர இயலாது'. இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4(1)(பி)(xii) சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டேன். அப்புறம் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொன்னார்கள். தகவல் தர வேண்டிய 30 நாள் கெடு தாண்டினால் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது பிரிவு 7(6). அதை எழுதிக் கொடுத்ததும் காசு வாங்காமல் கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

பட்டியலைப் பிரித்தால், என் பெயருக்கு எதிரே 'நிலம் இல்லை'. சர்வே எண்ணில் '2பி' என்ற உட்பிரிவு விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். சிட்டா நகலோடு காட்டியதும் திருத்தினார்கள், நின்றிருந்த தவணை வந்தது. ஆனால் அதே தாளில், எங்கள் ஊர்ப் பெயரின் கீழ், ஊரில் யாருக்குமே தெரியாத பெயர்கள் வரிசையாக இருந்தன. யாருக்கு எங்கே எத்தனை சென்ட் என்று எங்கள் தெருப் பெரியவர்கள் வாயாலேயே சொல்வார்கள். இந்தத் தாளை முதல் மாதமே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால் அந்தப் பெயர்கள் ஒரே நாளில் பிடிபட்டிருக்கும், உண்மையான விவசாயி யாரும் அலைந்திருக்க வேண்டாம்.

ஒவ்வொரு தவணைக்கும் பட்டியலை ஒட்டச் சொல்லிக் கிராம சபைக்கு மனு எழுதி, ஊரில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரிலும் கேளுங்கள்.