தகரக் கூரையில் பெய்த மழையால் எழுந்த மண்டபம்

அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பேஸ்பால் ஆட்டம், ஒஹாயோ ஆற்றுப் பாலம் என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் போனது மியூசிக் ஹால் என்ற பழைய கச்சேரி அரங்கத்தைப் பார்க்க. டவுன்டவுனில் ஓடும் டிராமுக்குக் கட்டணமே கிடையாது, ஏறி உட்கார்ந்து எல்ம் தெருவில் வாஷிங்டன் பூங்கா நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே செக்கச்செவேலென்று ஒரு செங்கல் மலை. நடுவில் பெரிய வட்ட ஜன்னல், இரு பக்கமும் கூர்கோபுரங்கள். விவரம் தெரியாதவர்கள் தேவாலயம் என்றுதான் நினைப்பார்கள்.

இது எழுந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தப் பகுதியில் குடியேறிய ஜெர்மானியர்களுக்குக் கூட்டமாகச் சேர்ந்து பாடுவதில் அப்படி ஒரு வெறி. அவர்கள் பாட்டு விழாவுக்காக இதே இடத்தில் ஒரு மரக் கொட்டகை இருந்தது, மேலே தகரக் கூரை. 1875 மே மாத இசை விழாவில் பாட்டு நடுவே இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, கூரைச் சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை. தகரப் பந்தலில் கல்யாணக் கச்சேரி கேட்டவர்களுக்கு அந்தக் கொடுமையை விளக்கத் தேவையில்லை. அன்று கூட்டத்தில் இருந்த ரூபன் ஸ்பிரிங்கர் என்ற பணக்கார மொத்த வியாபாரி, நல்ல மண்டபம் கட்ட 1,25,000 டாலர் தருகிறேன், ஆனால் ஊராரும் அதே அளவு போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். போட்டார்கள். சாமுவேல் ஹானஃபோர்ட் வடிவமைக்க, 1878ல் திறந்தார்கள். கட்டிடம் இன்றும் நகராட்சியின் சொத்து. மொத்தத்தையும் அவரே கொடுத்திருந்தால் ஒரு செல்வந்தரின் நினைவுச் சின்னமாகத்தான் நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

அப்புறம் தரைக்குக் கீழே இருக்கும் சங்கதி. ஒரு காலத்தில் இது வழியற்றவர்களைப் புதைத்த இடுகாடு. அடித்தளம் தோண்டியபோதே எலும்புகள் வந்தன, 1988ல் லிஃப்டுக்காகத் தோண்டியபோதும் வந்தன. இங்கே பேய்க் கதைகளுக்குப் பஞ்சமில்லை, எனக்கு அதில் ஈடுபாடும் இல்லை. ஆனால் பெயர் தெரியாத ஏழைகளின் மேல் சிவப்பு மெத்தை இருக்கைகள் போட்டிருக்கிறது என்பது உள்ளே உட்காரும்போது நினைவுக்கு வராமல் போகாது.

1880ல் ஜனநாயகக் கட்சி இங்கே மாநாடு கூட்டித்தான் ராணுவத் தளபதி ஹான்காக்கைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக அறிவித்தது. 1943 மார்ச்சில் அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்டின் ‘ஃபேன்ஃபேர் ஃபார் த காமன் மேன்’ என்ற இசைப்படைப்பு முதன்முதலாக ஒலித்ததும் இங்கேதான்.

2016-17ல் மூடிவைத்துப் புதுப்பித்தபோது 3,400க்கு மேல் இருந்த இருக்கைகளில் ஏறத்தாழ ஆயிரத்தை எடுத்துவிட்டார்கள். வரலாற்றுக் கட்டிடத்தில் கை வைக்கலாமா என்று கேட்கலாம். கை வைத்தது சரி என்பேன். சிம்பொனிக்கு அவ்வளவு பெரிய அரங்கம் நிறைவதே கஷ்டம், கடைசி வரிசையில் இருப்பவருக்கு வயலின்காரர் விரல் அளவுக்குத்தான் தெரிவார். இப்போது மேடையையும் கூட்டத்தை நோக்கி நகர்த்தியிருக்கிறார்கள். செங்கல் வைத்து அடைத்திருந்த பழைய ஜன்னல்களைத் திறந்துவிட்டதில் முன்கூடத்துக்கு வெளிச்சமும் வந்திருக்கிறது.

தன்னார்வலர்கள் சுற்றிக் காட்டுகிறார்கள், முன்பதிவு செய்துகொண்டு போங்கள். கச்சேரிக்கும் டிக்கெட் எடுப்பதாக இருந்தால் காசு மிச்சம் பிடிக்க மேல் மாடமே போதும், சரவிளக்கும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். பசித்தால் அதே டிராமில் வடக்கே போய் ஃபின்ட்லே சந்தையில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.