புளியரை வளைவும் அறுத்த ஸ்பிரிங்கும்

ஜூன் 7

புனலூரிலிருந்து திரும்பும்போது ஆரியங்காவில் வண்டியை நிறுத்தச் சொல்லி அம்மா இறங்கிவிட்டாள். "இடுப்பு விட்டுப்போச்சுல, கொஞ்சம் நின்னுட்டு வாரேன்." ஆறு மாதம் முன் வாங்கிய பழைய ஸ்விஃப்ட். தாழ்ந்து நிற்கும் அழகைப் பார்த்துத்தான் வாங்கினேன். பள்ளத்தில் அமுங்காமல் இடிக்கிறது. புளியரை எஸ் வளைவில் சாரல் ஈரம். நடுவில் ஒட்டுப்போட்ட இடத்தில் முன்சக்கரம் சட்டென்று பிடி விட்டது. கை இன்னும் நடுங்குகிறது.

ஜூன் 9

செங்கோட்டையில் அண்ணாச்சி பட்டறை. ஜாக்கியில் தூக்கியதும் முன் ஸ்பிரிங்கைக் கையால் சுழற்றினார்; கடகடவென ஆடியது. சக்கரம் தொங்கும்போதும் ஸ்பிரிங் தன்னைத் தாங்கும் இருக்கையில் இறுகி நிற்கவேண்டும். "ஷாக்க மாத்தி என்ன செய்ய தம்பி? ஸ்பிரிங்க அறுத்துல்லா வச்சிருக்கான்."

ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதையாவது தாங்கலாம். ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்) தண்டில் இருக்கும் ரப்பர் தடுப்புக்குக் கீழே ஒரு விரல் இடம்தான் மிச்சம். அது தீர்ந்ததும் வண்டியின் பாரம் ரப்பரில் போய் மோதுகிறது, விறைப்பு ஒரேயடியாக ஏறுகிறது, அந்த நொடியில் டயர் வழுக்குகிறது. வளைவில் எனக்கு நடந்தது இதுதான். தாழ்த்தினால் வண்டி ரோட்டைக் கவ்வும் என்று நம்பும் தம்பிகள் எங்கள் பக்கம் நிறைய. அறுக்கப் போகுமுன் அந்த ஒரு விரலை அளந்து பாருங்கள்.

ஜூன் 12

மரலாரி எடைபோடும் மேடையில் வண்டியை ஏற்றினேன். முன் 620 கிலோ, பின் 390. கம்பெனி அளவு ஸ்பிரிங் நான்கு வாங்கியாயிற்று. கம்பிக் கனம், சுற்றின் விட்டம், சுற்றுகள் மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் முன்பக்கம் நொடிக்கு 1.3 ஆட்டம், பின்பக்கம் 1.55. கம்பிக் கனத்தில்தான் கவனம் வேண்டும்: 11 மி.மீ. 12 ஆனாலே விறைப்பு 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும்.

பின்பக்கம் வேகமாக ஆடவேண்டும் என்பதை 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலைபார்த்த மாரிஸ் ஆலி விளக்கியிருக்கிறார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்னது தாமதமாக ஏறினாலும் வேகமாக ஆடி முன்னதை எட்டிப்பிடிக்கிறது. தொட்டில்போல் முன்னும் பின்னும் சாயாமல் வண்டி மட்டமாக எழுந்து அமர்கிறது. பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் 1.55 என்பது 1.3க்கு இறங்கிவிடும். அதை மறக்கக்கூடாது.

ஜூன் 18

ஸ்பிரிங், புது ஷாக் எல்லாம் மாட்டியாயிற்று. நீளும்போது தரும் தடையை மட்டும் திருகிக் கூட்டும் வகை ஷாக். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் புஷ் (ரப்பர் மூட்டு) போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகே அண்ணாச்சி இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட்.

ஜூன் 22

காலை ஆறு மணி. டயர் காற்றைச் சரிபார்த்துக் கிளம்பி, புளியரையிலிருந்து கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் வரை மூன்று முறை போய்வந்தேன். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம்.

ஷாக் திருகை முழுக்கத் தளர்த்தினால் மேடு தாண்டிய பின்னும் முன்பக்கம் இரண்டு தரம் ஏறி இறங்கியது. ஒரு சுற்று இறுக்கியதும் வளைவில் பிரமாதம். கிட்டத்தட்ட அதோடு விட்டுவிட இருந்தேன். ஆரியங்காவு தாண்டி வரிசையாக ஒட்டுப்போட்ட இடத்தில் குட்டு வெளிப்பட்டது. முதல் மேட்டில் மடங்கிய சக்கரம் நீள நேரமில்லாமல் அடுத்ததில் மோத, ஒவ்வொரு மேட்டிலும் வண்டி இன்னும் கொஞ்சம் தாழ்ந்துகொண்டே போனது. கடைசியில் ரப்பரில் இடித்தது. ஸ்பிரிங்கை அறுத்த அதே இடி! அரைச் சுற்றுக்குத் திரும்பினேன். ஒரு தரம் எழுந்து அடங்கியது.

ஜூன் 29

அம்மா, அத்தை, சித்தி மூவரும் பின்சீட்டில். பாரத்துக்காகப் பின் ஷாக்கை மட்டும் கால் சுற்று கூட்டினேன். தென்மலை இறக்கத்தில் அம்மா ஓடும் வண்டியிலேயே ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றி அத்தையிடம் நீட்டினாள்.

முன் இடது பக்கம் வலதைவிட 4 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங் இருக்கையின் ரப்பரைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.