லிவர்பூல், பிப்ரவரி

31 ஜனவரி 2024, புதன்

அப்பா கண் திறந்தார். பேச்சு இல்லை.

அம்மா போனில் கேட்டது ஒரே கேள்வி. "பேசினாவளா?"

1 பிப்ரவரி, வியாழன்

வார்டில் விளக்கைக் குறைத்த பிறகு மெஷின் சத்தம் மட்டும்தான். தேதி நேற்றே உறைத்தது. 1944 ஜனவரி 31, இரண்டாம் உலகப் போரில் ஸ்டார்லிங், வைல்ட் கூஸ், மேக்பை என்ற மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் சேர்ந்து அயர்லாந்துக்குத் தென்மேற்கே யு-592 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்த நாள். அந்த ஒரே பயணத்தில் மொத்தம் ஆறு நீர்மூழ்கிகள். முதலாவதுக்கு நேற்றோடு சரியாக 80 வருஷம்.

டிசம்பரில் பியர் ஹெட்டில் நின்று அப்பாவுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். குளிர் காதை அறுத்தது. பாப்பா தள்ளுவண்டியிலேயே தூங்கிவிட்டாள். அப்பா சிலை முன்னால் நின்றவர் நகரவேயில்லை. "யாருல இது?" கேப்டன் வாக்கர், ஸ்டார்லிங் அவர் கப்பல், கூட்டமாகப் போகிற சரக்குக் கப்பல்களை, அந்தக் கான்வாய்களைக் காப்பாற்ற, யு-போட் என்ற ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிப் போய் அடித்தவர் என்றேன். கூட வந்த கப்பல்களுக்கும் பறவைப் பெயர்தான் என்றதும் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஸ்டார்லிங் மைனா சாதி. கைட் பருந்து. வுட்பெக்கர் மரங்கொத்தி. ரென்னுக்கு எனக்குத் தமிழ் வரவில்லை, "சிட்டு மாதிரி ஒண்ணுப்பா" என்றேன். "நல்ல பேரு வச்சிருக்கானுவ" என்றார்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யாரும் எதுவும் கேட்காமலே, "அந்த மரங்கொத்தி என்னாச்சுல?" என்றார்.

சோற்றில் கை வைத்திருக்கும்போது எதற்கு என்று, "நாளைக்குச் சொல்றேன்ப்பா" என்றேன்.

2 பிப்ரவரி, வெள்ளி

பிசியோ வந்து போனார். வலது கையில் அசைவு இல்லை.

4 பிப்ரவரி, ஞாயிறு

"அவருக்குப் பிடித்ததைப் பேசுங்கள், கேட்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர். ஊர்க்கதை எல்லாம் இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. கல்யாணம், காடாத்து, யார் வீட்டு மனை என்ன விலைக்குப் போனது, எல்லாம். இன்று கப்பலுக்கு வந்துவிட்டேன்.

ஸ்டார்லிங் 300 அடிக்குக் கொஞ்சம் குறைவு. கிளாஸ்கோவில், கோவன் கட்டுமானத் துறையில் கட்டினார்கள். 1943 ஏப்ரலில் கடலுக்கு வந்தது. ஆறு 4 அங்குலப் பீரங்கிகள், ஏறத்தாழ 190 ஆட்கள். நீளத்தைச் சொன்னபோது கண் என் பக்கம் திரும்பியது போல இருந்தது. புதுத் துறைமுகத்தில் 27 வருஷம், பெரிய கப்பல்களைத் தள்ளி இழுக்கிற டக் போட்டில் இருந்தவர். எந்தக் கப்பலைச் சொன்னாலும் முதலில் நீளம்தான் கேட்பார்.

பிறகு ஆஸ்டிக். அதைச் சொல்லும்போது என் குரலே மாறிவிட்டது, ஏனென்றால் நான் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருப்பது அதைத்தான். கப்பலின் அடியிலிருந்து ஒரு ஒலி போகும். தண்ணீருக்குள் எதன்மேலாவது பட்டால் திரும்பி வரும். காதுக்கருவி மாட்டிய பையன் அதைக் கேட்டுத் திசையும் தூரமும் சொல்வான். ஆனால் கிட்டே போகப் போக ஒலிக்கற்றை நீர்மூழ்கியின் தலைக்கு மேலே போய்விடும். கடைசி இருநூறு முந்நூறு கஜத்தில் ஒன்றும் கேட்காது. எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த ஒன்றை, பக்கத்தில் போனதும் தொலைத்துவிடுவார்கள். நீர்மூழ்கிக்காரனுக்கும் இது தெரியும், அந்த நேரம் பார்த்துத்தான் திரும்புவான்.

அப்பா தூங்கிவிட்டார். தூக்கம்தானா என்று நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். தூக்கம்தான்.

6 பிப்ரவரி, செவ்வாய்

"பேசினாவளா?"

"இல்லம்மா."

8 பிப்ரவரி, வியாழன்

இன்று மரங்கொத்தியின் நாள். வைல்ட் கூஸும் அதுவும் சேர்ந்து யு-762ஐ அடித்தன. அப்பா நல்ல விழிப்பில் இருந்தார், முழுக்கச் சொன்னேன்.

அந்தக் கடைசி முந்நூறு கஜத்துக்கு வாக்கர் கண்டுபிடித்த வழி எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான். ஒரு கப்பல் தள்ளி நிற்கும், ஆயிரம் கஜத்துக்கு மேலேயே. அது பிடித்த எதிரொலியை விடாது, அடிக்கவும் போகாது. இன்னொரு கப்பல் ஆஸ்டிக்கை நிறுத்திவிட்டு, ப்ரொப்பெல்லர் உருளியின் இரைச்சல் கீழே கேட்காதபடி 5 நாட் வேகத்தில் ஊர்ந்து போகும். அதற்குக் காது இல்லை. பின்னால் நிற்பவர்தான் கொஞ்சம் வலம், கொஞ்சம் இடம், இப்போது போடு என்று சொல்வார். நீர்மூழ்கிக்குள் இருப்பவனுக்கோ தூரத்துக் கப்பலின் ஒலி மட்டும்தான் கேட்கும். அது நெருங்கவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைத்திருப்பான். எழுநூறு அடி ஆழத்துக்கு ஒரு வெடி இறங்க ஒரு நிமிஷம் போல ஆகும். மேலே வரிசையாக உருட்டிவிட்டுப் போவார்கள், கீழே அவனுக்குத் தெரியாது.

அப்பாவின் டக் போட் வேலையும் இதே மாதிரிதான். பெரிய கப்பலின் முன்பக்கம், அணியம், மறைத்துவிடும், அவருக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. மேலே நிற்கிற பைலட்டின் விசிலை நம்பித்தான் தள்ளவேண்டும். "நமக்குக் கண்ணு அவருட்ட இருக்கு" என்பார். அதைச் சொன்னேன். இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்ததுதான், எனக்குத் தெரியும், நர்ஸ் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும்.

9 பிப்ரவரி, வெள்ளி

ஒரே நாளில் இரண்டு. யு-734, யு-238. இரண்டாவதை முடிக்கப் பல மணி நேரம் ஆனது. கைட் மேல் எல்லாம் வெடி தீர்ந்துபோகிற நிலை. பிறகு நடுக்கடலில் ஒரு வணிகக் கப்பலிலிருந்து வெடிகளை மாற்றி ஏற்றிக்கொண்டார்கள்.

இன்றைக்கு அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி இறந்தவர்களின் எண்ணிக்கையைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டிலும் ஒருவன்கூடத் தப்பவில்லை. நேற்றுச் சொன்னதிலும் இல்லை, முதலாவதிலும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் போல, பாதிப்பேர் இருபது வயசுப் பையன்கள். கான்வாயில் வந்த மாலுமிகளும் பையன்கள்தான். அவர்களுக்காகத்தான் இவர்கள் போனார்கள். தெரிந்துதான் இருக்கிறேன். இருந்தாலும் நேற்று அப்பாவிடம் அதைக் கதை மாதிரி சொன்னது தொண்டையில் நிற்கிறது.

11 பிப்ரவரி, ஞாயிறு

யு-424. வைல்ட் கூஸ், மரங்கொத்தி. சொல்லவில்லை.

பாப்பாவின் படத்தைக் கட்டில் பக்கத்தில் ஒட்டினேன்.

13 பிப்ரவரி, செவ்வாய்

காய்ச்சல். நெஞ்சில் சளி. மூக்கு வழியாகப் போட்ட குழாயை இரண்டு தரம் பிடுங்கிவிட்டார்.

காலை 9 மணியிலிருந்து இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். பதினைந்து மணி நேரம் என்றால் எவ்வளவு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. 1943 ஜூன் 1, யு-202. அதற்கு முந்தின வருஷம் அமெரிக்கக் கரையில், லாங் ஐலண்டில், நாசவேலைக்காரர்களை இறக்கிவிட்டு வந்த அதே படகு. காலையில் எதிரொலி கிடைத்தது. வெடிகள் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டான். எண்ணூறு அடிக்கும் கீழே என்கிறார்கள். ஆறடிக்கு ஒரு பாகம் என்கிற அப்பா கணக்கில் நூற்று முப்பது பாகம். வாக்கர் அடிப்பதை நிறுத்திவிட்டார். கீழே காற்றும் பாட்டரியும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு, நடுராத்திரிக்கு மேலே வருவான் என்று சொல்லிவிட்டுக் கூடவே நகர்ந்துகொண்டிருந்தார். 12 மணி தாண்டி இரண்டு நிமிஷத்தில் வந்தான்.

அந்தப் பதினைந்து மணி நேரமும் மேலே இருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? தேநீர் குடித்திருப்பார்கள். ஆளை மாற்றியிருப்பார்கள். ஒருவன் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்திருப்பான். கீழே இருந்தவர்களைப் பற்றியும் யோசிக்கிறேன். பேசக்கூடாது, நடக்கக்கூடாது, மூச்சை மிச்சப்படுத்தப் படுத்தே கிடக்கவேண்டும்.

நான் மேலே இருக்கிறேனா, கீழே அவரோடு இருக்கிறேனா என்றே தெரியவில்லை. மணி 12:20. மூச்சு 28. நர்ஸ் எழுதும்போது பார்த்தேன்.

14 பிப்ரவரி, புதன்

மூச்சு 22.

15 பிப்ரவரி, வியாழன்

மலையாள நர்ஸ் அவர் தாடியை மழித்துவிட்டிருந்தார். பழைய முகம். வெளியே வந்து அழுதேன்.

17 பிப்ரவரி, சனி

வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகாமல் கிராஸ்பி கடற்கரைக்குப் போய்விட்டேன். தண்ணீர் வற்றியிருந்தது. கடலைப் பார்த்து நிற்கும் அந்த நூறு இரும்பு மனிதச் சிலைகளில் பாதிக்கு இடுப்புவரை பாசி. இந்தப் பக்கம் சீஃபோர்த். வாக்கர் செத்தது அங்கே இருந்த கடற்படை மருத்துவமனையில்.

குண்டு படவில்லை, டார்பிடோ படவில்லை. 1944 ஜூலை 9, மூளையில் ரத்தக்கட்டு. வயசு 48. இங்கிலீஷ் கால்வாய்க்குள் யு-போட்டுகள் நுழையாமல் நார்மண்டிக் கப்பல்களைக் காத்துவிட்டு வந்தவர். மாதக்கணக்காகச் சரியான தூக்கம் இல்லை, எதிரொலி கிடைத்துவிட்டால் கப்பலின் கட்டளை மேடையை விட்டு இறங்கமாட்டார். 1943 ஆகஸ்டில் மகன் திமதி போய்விட்டான், பார்த்தியன் என்ற நீர்மூழ்கியில். நீர்மூழ்கி வேட்டைக்காரரின் மகன் நீர்மூழ்கிக்காரன். ஆறு மாதத்தில், இதே பிப்ரவரியில், அப்பன் மறுபடி கடலில்தான் இருந்தார். ஒவ்வொரு எதிரொலியிலும் அவருக்கு என்ன கேட்டிருக்கும்?

அவரை லிவர்பூல் விரிகுடாவிலேயே கடலில் இறக்கினார்கள், ஹெஸ்பரஸ் கப்பலிலிருந்து. ஸ்டார்லிங் அன்றைக்கு ஊரில் இல்லை, கடலில் இருந்தது. தன் கப்பல்கூட வந்து வழியனுப்ப முடியாமல் போனது இன்னும் ஆறவில்லை எனக்கு.

ரத்தக்கட்டு விஷயத்தை அப்பாவிடம் சொல்லவே மாட்டேன். சிலை முன்னால் நின்ற அன்றைக்கே எனக்குத் தெரியும், அப்போது அது வெறும் தகவல்.

19 பிப்ரவரி, திங்கள்

காய்ச்சல் விட்டது!

யு-264. ஆறாவது. மரங்கொத்தியும் ஸ்டார்லிங்கும். தண்ணீருக்கு அடியிலிருந்தே மேலே காற்று இழுக்கிற குழாய் வைத்துச் சண்டைக்கு வந்த முதல் படகுகளில் ஒன்று. நாள் முழுக்க அடி வாங்கிக் கடைசியில் மேலே வந்துவிட்டது. ஒருவர்கூடச் சாகவில்லை, எல்லாரையும் தூக்கிக் காப்பாற்றினார்கள். இதை மட்டும் இன்று இரண்டு தடவை சொன்னேன். "எல்லாரும் பிழைச்சிட்டானுவப்பா." தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ம்" மாதிரி இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "ம்னு சொன்னாவளா? ம்னு சொன்னாவன்னா கேக்குதுன்னு அர்த்தம்." மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோகிறாளாம்.

20 பிப்ரவரி, செவ்வாய்

இன்று ராத்திரிதான் மரங்கொத்திக்கு அடி.

ஜெர்மன்காரர்கள் உருளியின் சத்தத்தைத் தேடிப் போகிற டார்பிடோ ஒன்று வைத்திருந்தார்கள். பெயர் ட்ஸௌன்கோனிக். அகராதியில் பார்த்தேன், ரென். அதே சிட்டு. சத்தத்தை மோப்பம் பிடிப்பதால் அது பட்டால் பின்பக்கம்தான் படும். யு-256 விட்டது. மரங்கொத்தியின் அமரம் அப்படியே பிய்ந்து போனது. உருளி இல்லை, சுக்கான் இல்லை. ஆட்கள் யாரும் சாகவில்லை. நிமிர்ந்தபடி மிதந்தது.

ஸ்டார்லிங்கே வடம் கட்டி இழுக்க ஆரம்பித்தது. பிறகு டக் வந்தது. இதைச் சொல்லும்போது அப்பாவின் கண் என்மேலேயே இருந்தது. சுக்கான் இல்லாத கப்பல் வடத்தில் நேராக வராது, குடிகாரன் மாதிரி இரண்டு பக்கமும் இழுக்கும், வடத்தைத் தளரவும் விடக்கூடாது முறுக்கவும் விடக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். அவருக்கே அதைத் திருப்பிச் சொன்னேன்.

"ம்."

சந்தேகமே இல்லை.

21 பிப்ரவரி, புதன்

"மரங்கொத்தி வந்துட்டிருக்குப்பா." "ம்."

22 பிப்ரவரி, வியாழன்

இடது கையால் கரண்டி பிடித்தார். தயிர் மாதிரி ஏதோ, நாலு வாய். வடம் பிடிக்கிற மாதிரியே இறுக்கிப் பிடிக்கிறார்.

23 பிப்ரவரி, வெள்ளி

மறுபடியும். அதிகாலை 4:10. ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள்.

24 பிப்ரவரி, சனி

கண் திறக்கவில்லை.

அம்மாவிடம் தூங்குகிறார் என்றேன்.

25 பிப்ரவரி, ஞாயிறு

மற்றக் கப்பல்கள் ஊர் திரும்பிய நாள். கிளாட்ஸ்டோன் துறையில் கூட்டம், வாத்தியம், கடற்படை அமைச்சர் அலெக்ஸாண்டரே வந்து வரவேற்றார். ஆறு நீர்மூழ்கிகள், அதுவும் ஒரே பயணத்தில். அன்றைக்குக் கரையில் நின்றவர்கள் கப்பல்களை எண்ணியிருப்பார்கள். போனது ஐந்து, வந்தது நாலு.

பூட்டில் வரை நடந்து போனேன். துறைக்கு உள்ளே விடவில்லை, இப்போது அது சரக்குத் துறைமுகம். வேலிக்கு வெளியே நின்று கிரேன்களைப் பார்த்தேன். அப்பாவை இங்கே கூட்டிவரத் திட்டம் போட்டிருந்தேன், ஜனவரியில், குளிர் கொஞ்சம் குறைந்ததும்.

26 பிப்ரவரி, திங்கள்

நாளை காலை 10 மணிக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசவேண்டும் என்றார்கள். அம்மாவையும் வீடியோவில் சேர்க்கச் சொன்னார்கள்.

வெளியே காற்று கூடியிருக்கிறது. 27ஆம் தேதியும் காற்றுதான், சில்லித் தீவுகளுக்குப் பக்கத்தில். எனக்குத் தெரியும்.

காதுக்குக் கிட்டே குனிந்தேன். "இன்னும் இழுத்துட்டுத்தாம்ப்பா போறாங்க. வடம் அறுந்து போகல."