செம்பனைக் காட்டில் ஒரு நீலப் பாம்பு

போன பள்ளி விடுமுறையில் அண்ணன் மகள் புலனத்தில் வந்த ஒரு படத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். வானவில்லின் ஏழு நிறங்களையும் இறகிறகாக அடுக்கியது போன்ற ஓர் ஆந்தை. “அத்தை, இது எந்த நாட்டில் இருக்கிறது?” என்று கேட்டாள். அப்படியோர் ஆந்தை எங்குமே இல்லை, யாரோ கணினியில் வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. அந்த வாட்டம் எனக்குப் பொறுக்கவில்லை. உயிரோடு உலவும் விலங்குகளின் நிறங்களில் அந்தப் படத்தைவிடப் பெரிய வியப்புகள் உண்டு. அந்த நிறம் எப்படி வந்தது, எதற்கு உதவுகிறது என்று கேட்டால் அவற்றுக்கு விடையும் உண்டு. அன்று மாலை அவளுக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொன்னது எங்கள் தோட்டத்தில் நடந்தது. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிய செம்பனைத் தோட்டங்களில் (எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த ஊர் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) அப்பா குலை வெட்டும் வேலை செய்தார். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒருநாள் அவருக்குப் பசியாற எடுத்துக்கொண்டு காட்டோரத்து நிரைக்குப் போயிருந்தேன். வெட்டிப்போட்ட மட்டை ஒன்றை அவர் கழியால் புரட்ட, அடியில் ஒரு பாம்பு கிடந்தது. முதுகு கருநீலம், இரு பக்கங்களிலும் தலையிலிருந்து வால்வரை ஓடிய வெளிர்நீலக் கோடு, தலையும் வாலும் பழுத்த மிளகாயின் சிவப்பு. அது தலையை ஓலைக்குள் மறைத்துக்கொண்டு வாலை உயர்த்திக் காட்டியதால், நான் வாலையே தலை என்று நினைத்து மறுபக்கம் நகரப் போனேன். அப்பா கையைக் குறுக்கே நீட்டி, “அசையாம நில்லும்மா, அது போகட்டும்” என்றார். அது போய்விட்டது. அவர் அதை அடிக்கவில்லை என்பதை இன்றும் பெருமையாக நினைக்கிறேன்.

அது நீலப் பவளப்பாம்பு என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மற்றப் பாம்புகளைத் தின்று வாழும் அதன் நச்சுச் சுரப்பிகள் தலையோடு நில்லாமல் உடல் நீளத்தில் கால்பங்குக்கும் மேல் உள்ளே நீண்டிருக்கின்றன. அந்த நஞ்சு நரம்புகளில் சோடியம் உள்ளே நுழையும் நுண்வாயில்களை மூடவிடாமல் செய்வதால், கடிபட்ட இரையின் தசைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் இறுகி, உடல் அப்படியே விறைத்துப்போகிறது என்று 2016-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது; ஆனால் அந்தச் சிவப்பு என்ன சொல்கிறது என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

அன்றிலிருந்து நீலம் என் மனத்தில் தங்கிவிட்டது. விலங்குகளின் உடலில் நீலம் என்பது பெரும்பாலும் சாயமே அன்று. காவடியில் கட்டும் மயிற்பீலியைக் கையிலெடுத்துச் சாய்த்துப் பாருங்கள்: நீலம் பச்சையாகி, பச்சை செம்பொன்னாகி மீண்டும் நீலமாகும். அதே பீலியை நுணுக்கிப் பொடியாக்கினால் மிஞ்சுவது பழுப்புத் தூள்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியே அந்த நிறம். மேற்கு மத்திய ஆப்பிரிக்காவின் காபோன், கேமரூன் பகுதிக் காடுகளில் வாழும் மாண்ட்ரில் என்னும் பெருங்குரங்கின் கன்னத்து நீலமும் இப்படிப்பட்டதே; அதன் தோலுக்குள் கொலாஜன் என்னும் புரத இழைகள் ஒரே சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால் நீல ஒளி மட்டும் வலுவாகத் திரும்பி வருகிறது. பாலூட்டிகளில் இதைப்போல் அசாதாரணமாக நிறம் கொண்ட வேறொன்று இல்லை என்று 1871-இல் டார்வின் எழுதினார். அதன் மூக்கின் சிவப்போ வேறு வகை: கூட்டத்தில் தலைமை கிடைத்த ஆணுக்கு அந்தச் சிவப்பு ஏறும், தலைமையை இழந்தவனுக்கு மங்கும்.

உண்மையாகவே நீலச் சாயம் உடையவை மிகச் சில. சபாவின் மாபுல் தீவையொட்டிய கடலிலும் காணப்படும், சுண்டுவிரல் அளவே உள்ள மாண்டரின் மீன் அவற்றுள் ஒன்று. பச்சோந்தி இருக்கும் இடத்துக்கு ஏற்ப நிறம் மாறும் என்று நாம் சிறுவயதில் கேட்ட கதையோ பாதிதான் சரி. மடகாஸ்கர் தீவின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழகத்தினர், அதன் தோலிலுள்ள குவானைன் என்னும் பொருளின் நுண்ணிய படிகங்கள் நெருங்கியிருக்கும்போது நீல ஒளி திரும்புகிறது, அது மேலுள்ள மஞ்சள் சாயத்தோடு கலந்து பச்சையாகத் தெரிகிறது, சினமோ கிளர்ச்சியோ வந்தால் படிகங்கள் விலகி, தோல் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் மாறுகிறது என்று 2015-இல் விளக்கினார்கள். இன்னொரு பச்சோந்தி எதிரில் வரும்போது நிகழும் இந்த மாற்றம், இருக்கும் இடத்தின் நிறத்தைப் பார்த்து வருவதன்று.

பறவைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. சரவாக்கின் மாநிலப் பறவையான இருவாச்சியின் அலகின்மேல் உள்ள கொம்பு பிறப்பில் வெளிறியதுதான்; வாலடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகையும் கொம்பையும் நாள்தோறும் தேய்த்துத் தேய்த்தே அது மஞ்சளும் சிவப்புமாக ஆக்கிக்கொள்கிறது. எங்கள் பாட்டி காலையில் மஞ்சள் பூசிக்கொண்டுதான் வாசலுக்கு வருவார் என்பது இதைப் படித்தபோது நினைவுக்கு வந்தது. மற்றொன்று ஆப்பிரிக்காவின் டுராக்கோ. அதன் சிறகின் சிவப்புச் சாயத்தில் உண்மையான செம்பு இருக்கிறது. அந்தக் குடும்பப் பறவைகளைத் தவிர வேறெதிலும் இந்தச் சாயம் கிடையாது. செம்மையிலிருந்து செம்பு என்று பெயரிட்ட நம் மொழி இந்தப் பறவையைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருக்கும்.

கொலம்பியாவின் பசிபிக் கரையோரக் காட்டிலுள்ள பொன்னிற நச்சுத் தவளையைப் பற்றிச் சொன்னதும் அண்ணன் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அங்குள்ள பழங்குடியினரான எம்பெரா மக்கள் ஊதுகுழல் அம்புகளின் முனையை அதன் முதுகில் தேய்த்து நஞ்சேற்றினார்கள். அந்த நஞ்சு தவளைக்கு அது தின்னும் இரையிலிருந்து வருகிறது. கூண்டில் வளர்த்து வேறு தீனி கொடுத்தால் பொன்னிறம் இருக்கும், நஞ்சு இராது.

“இவ்வளவும் வேறு நாட்டில்தானே அத்தை?” என்றாள். மறு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோலசிலாங்கூரின் மெலாவத்திக் குன்றுக்கு அழைத்துப் போனேன். மலாய்க்காரர்கள் லோத்தோங் என்று அழைக்கும் சாம்பல் நிற மந்திகள் அங்கே கலங்கரை விளக்கத்தருகே மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருக்கும். பெரியவை வெள்ளிப் பூச்சடித்த கரும்சாம்பல். அவற்றில் ஒன்றின் மார்பில் பழுத்த ஆரஞ்சின் நிறத்தில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. முகமும் உள்ளங்கையும் இன்னும் வெளிறியிருந்ததால் பிறந்து சில நாள்களே ஆகியிருக்க வேண்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அருகிலிருந்த வேறொரு பெண் மந்தி கையை நீட்டிக் குட்டியை வாங்கிக்கொண்டது. சற்று நேரத்தில் மூன்றாவது ஒன்று அதை வாங்கியது. தாய் நிம்மதியாக இலை தின்றது. கூட்டத்திலுள்ள எல்லாப் பெண்களின் கண்ணும் குட்டிமேல் இருக்க அந்த நிறம் உதவுகிறது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

பக்கத்தில் ஒரு குடும்பம் ரொட்டியைப் பிய்த்து அவற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. இலையைச் செரிப்பதற்கென்றே பல அறைகளாக அமைந்த அவற்றின் வயிற்றுக்கு ரொட்டி ஆகாது என்று நான் மெதுவாகச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். நீங்களும் போனால் தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள்.

மூன்று முதல் ஐந்து மாதங்களுக்குள் அந்தக் குட்டியின் ஆரஞ்சு முழுவதும் சாம்பலாகிவிடும் என்று சொன்னபோது அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். குட்டியிருந்த மரத்தையும் அதன் தாய்க்குக் காதோரம் இருந்த கிழிசலையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த விடுமுறைக்கு இன்னும் பதினோரு வாரம் இருக்கிறது, எண்ணிக்கொண்டிருக்கிறாள்.