குவாம் மாடுலேட்டரில் முதலில் பார்க்க வேண்டியவை

குவாம் மாடுலேட்டர் என்பது டிவி சேனல்களைக் கேபிளில் அனுப்பும் சிக்னலாக மாற்றும் கருவி. டிவிபி-சி (டிஜிட்டல் கேபிள் டிவி தரம்) கேபிளில் ஒரு அலைவரிசையின் அகலம் 8 மெகாஹெர்ட்ஸ். சிம்பல் ரேட் (நொடிக்கு அனுப்பும் குறியீடுகள்) 6.875 மெகாசிம்பல், பண்பேற்றம் 64 குவாம் என்று வைத்தால் ஒரு கேரியரில், அதாவது பல சேனல்களைச் சுமக்கும் ஒரு அலையில், நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் போகும். 256 குவாம் என்றால் 50-ஐத் தொடும். ஆசைப்பட்டு 256-க்குத் தாவாதீர்கள். அதற்கு எம்இஆர் (சிக்னல் எவ்வளவு சுத்தம் என்ற அளவு) சுமார் 6 டிபி (டெசிபல்) கூடுதலாகத் தேவை. சென்னையின் உப்புக்காற்றில் பச்சை பூத்த எஃப் கனெக்டர்கள் (கேபிள் முனையின் திருகு இணைப்பிகள்) அதைத் தராது.

38-ஐ விளிம்புவரை நிரப்பவும் கூடாது. கிரிக்கெட் நேரத்தில் பிட்ரேட் எகிறும், பாக்கெட் கொட்டும், அந்தக் கேரியரின் எல்லாச் சேனலும் கட்டம் கட்டமாக உடையும். பத்து சதவீதம் காலியாக விடுங்கள்.

எல்லா கேரியரின் லெவலும் (சிக்னல் வலிமை) அவற்றை ஒரே கேபிளில் சேர்க்கும் கம்பைனருக்குப் பின் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கேரியர் எண்ணிக்கையை இரட்டித்தால் மொத்த பவர் 3 டிபி கூடும். ஆம்ப்ளிஃபயர் கெயினை (பெருக்கத்தை) குறைக்காவிட்டால் டிஸ்டார்ஷன், அதாவது சிக்னல் சிதைவுதான். அப்போது மீட்டரில் லெவல் நன்றாகவே இருக்கும், எம்இஆர் மட்டும் விழும். லைன்மேன் பலர் லெவலைப் பார்த்துவிட்டு வீட்டு ஒயரை மாற்றுவது இதனால்தான். வீட்டு முனையில் 64 குவாமுக்கு எம்இஆர் 28 டிபியாவது இருக்க வேண்டும்.

அலைவரிசையை மாற்றினால் என்ஐடியிலும் (எந்தக் கேரியர் எங்கே என்று செட்டாப் பாக்ஸுக்குச் சொல்லும் பட்டியல்) மாற்றுங்கள். இல்லையேல் பாக்ஸ் பழைய இடத்திலேயே தேடும். கடைசியாக, சேவ் பட்டன்: சில மாடல்களில் அதை அழுத்தாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் பழைய அமைப்பே திரும்பும்.